மாதத்துக்கு ஒரு மணி நேரம் அம்மா

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, என்னைப் பெற்ற அம்மாவைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நான்கு மணி வரை. எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை அவளை அப்படித்தான் பார்த்தேன். மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் முப்பத்தாறு மணி நேரம். அதாவது ஒன்றரை நாள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே ‘அச்சச்சோ’ என்று உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு யாருடைய அச்சச்சோவும் வேண்டாம். இது நானும் என் அம்மாவும் ஜெயித்த கதை. அழ வேண்டிய இடத்தில் நானே சொல்கிறேன், அப்போது அழுதால் போதும்.

அப்பா பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். அடுத்த வருஷமே அம்மா இருமி இரத்தம் துப்பினாள். தாராவியில் அந்த நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ‘நெஞ்சு நோய்’ என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள், பெயரே ஒட்டிக்கொள்ளும் என்கிற பயம். அவளை டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வயதுப் பிள்ளையை என்ன செய்வது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் இருந்தது. கல்யாணம் பேசுவது, அடிதடியைத் தீர்ப்பது, அநாதையாய்ச் செத்தவனைத் தூக்கிப் போடுவது எல்லாம் சங்கத்தின் வேலை. எதுவானாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கினால் முடிந்தது. கோர்ட்டு, வக்கீல் என்று யாராவது வாயைத் திறந்தால் சங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். அந்தச் சங்கம்தான் என்னை ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு தம்பதியிடம் ஒப்படைத்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவரை நான் மாமா என்றும், அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டேன்.

அத்தை கெட்டவளில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக நீங்கள் அவளைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் வரும். என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் அவள். எனக்கு மணல்வாரி அம்மை கண்டபோது பதினொரு நாள் வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரேஷனில் போட்ட அரிசி புழுத்து நாறிய காலத்தில்கூட எனக்கு நல்ல அரிசியாகப் பொறுக்கித் தனியாகச் சோறு வடித்துப் போட்டாள். ஒரே ஒரு ஆசை அவளுக்கு, நான் ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை. “எங்க அம்மை ஆஸ்பத்திரியில இருக்கா” என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அந்தத் தெருவில் ஆறு வயதிலேயே பெயர்.

அம்மா ஆறு மாதம் தாண்டமாட்டாள் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அதனால் சங்கத்தின் காரியதரிசி ஒரு சுவீகாரப் பத்திரத்தை எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார நாளில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமையில் சங்கத்துக்குக் காரியதரிசி. வார்டுக்குள்ளே கால் வைக்கப் பயம். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, நர்ஸம்மாவிடம் பத்திரத்தையும் மைப்பெட்டியையும் கொடுத்தனுப்பினாராம். சாகத்தானே போகிறோம், பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அம்மா பெருவிரலை உருட்டிவிட்டாள்.

ஆனால் அம்மா சாகவில்லை. அதுதான் எல்லாருக்கும் பெரிய சங்கடமாகப் போய்விட்டது.

இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். நெஞ்சுக்குள் ஊசி வழியாகக் காற்று ஏற்றினார்கள். பிழைத்தாள். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நேரே சங்கத்துக்கு வந்து, “எம்மவளைக் குடுங்க” என்று கேட்டாள். பத்திரம் எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவள் விடவில்லை. மூன்று நாள் சங்கத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பெரிய மனது பண்ணி, மாதத்துக்கு ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தொடக்கூடாது. தின்ன எதுவும் கொடுக்கக்கூடாது. காரியதரிசி கூடவே இருப்பார்.

சங்கத்து அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து தனியாக வேலைக்கு வந்த ஆம்பிளைகள் இருபது, இருபத்தைந்து பேர் முறை வைத்துத் தூங்கும் ஒற்றை அறை அது. சுவரோரமாக அவரவர் டிரங்குப் பெட்டி. குறுக்கே கட்டிய கயிற்றில் வேட்டியும் பனியனும். பீடி நாற்றம். எங்களுக்காக அவர்கள் எல்லாரும் அந்த ஒரு மணி நேரம் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். அம்மா ஜன்னல் பக்கம், நான் வாசல் பக்கம், நடுவில் ஸ்டூல் போட்டுக் காரியதரிசி. அவர் முன்னால் ஒரு பெட்டியின் மேல் டைம்பீஸ். அது நாலு மணிக்கு அடித்துத் தொலைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசுவது? ஒரு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அவளைப் பார்த்ததும் மறந்துபோகும். “கையைக் காட்டு” என்பாள், காட்டுவேன். “பல்லைக் காட்டு. திரும்பு. முடியைப் பிரிச்சுக் காட்டுட்டி” என்பாள். நான் அந்த இடத்திலேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றுவேன். அம்மா அப்போது ஒரு காண்டிராக்டரிடம் பட்டாளத்துச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் வேலை பார்த்தாள். அதில் கை தேர்ந்துவிட்டாள். என்னைத் தொட்டு அளக்க முடியாது, டேப்புப் பிடிக்க முடியாது. வெறும் கண்ணாலேயே அளந்துகொண்டு போய் அடுத்த மாதம் எனக்குச் சட்டை தைத்துக்கொண்டு வருவாள். அக்குள் பிடிக்காது, கை தொங்காது, அச்சு அசலாகப் பொருந்தும். அத்தை அதை வாங்கி ஒரு மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் போட்டுக்கொள்ள விடுவாள். சாயம் போன அந்தச் சட்டைகளைத்தான் நான் பிடிவாதமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

ஒருமுறை சுற்றிக்காட்டும்போது கால் தடுக்கி விழுந்து முட்டி கிழிந்தது. அம்மா ஓடிவந்தாள். காரியதரிசி குறுக்கே கையை நீட்டிவிட்டார். அவள் அங்கேயே நின்று, “மண்ணைத் தட்டு, எச்சி தொட்டு வையி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவள் சொன்னபடியே செய்தேன். அழ வேண்டிய இடம் இதுதான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம், எனக்குப் பதினொரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி அடித்ததும் காரியதரிசி டைம்பீஸின் தலையில் தட்டி நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தாம்மா, அடுத்த மாசம் வந்து பாத்துக்க. அதோட சரி. அதுக்கு மேல வர வேண்டாம். மளிகைக்கடை அண்ணாச்சி தூரத்துல, கல்யாண்ங்கிற ஊருல புதுக்கடை போடுதாரு, குடும்பத்தோட அங்க போறாங்க. பிள்ளையும் வளந்துட்டா. நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வருவாங்க. நெஞ்சு நோய்க்காரி மவள்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“யாரு சொன்னா?” என்றேன்.

“பத்திரத்துல இருக்கு.”

“எந்தப் பத்திரம்? நான் பாக்கணும்.”

“ஏட்டி, வாயி ரொம்ப நீளுதே! பெரியவங்க விஷயம், உனக்கு என்ன தெரியும்?” என்று அவர் என்னைப் படியில் இறக்கிவிட்டார். கீழே மாமா காத்துக்கொண்டிருந்தார். மாட்டுங்கா போய்ச் சேரும்வரை நான் அவர் கையைப் பிடிக்காமல் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

வீட்டில் அத்தையிடம் நேராகவே கேட்டேன். அவள் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “உன் நல்லதுக்குத்தான் தாயி” என்றாள். பிறகு, “அவ இருக்கிற வரைக்கும் நீ எனக்குப் பிள்ளையாக மாட்டே” என்றாள். சொல்லிவிட்டுச் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பயம் எனக்கு அப்போது புரியவில்லை. கோபம்தான் புரிந்தது.

மாமாவின் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டு, கடை லைசென்ஸ், என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டு எல்லாம் இருக்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்து வேண்டும் என்று சாவி வாங்கினேன். பத்திரம் அடியில் இருந்தது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. அதில் இப்படி இருந்தது: ‘மேற்படி புத்திரிக்குப் பருவம் வந்த காலத்தில் தக்க இடத்தில் பெண் பார்த்து விவாகம் செய்து வைப்போமாகவும்.’ எனக்குப் பெண்ணா? அதற்கும் கீழே, ‘மேற்படி புத்திரியானவள் எங்கள் அந்திமத்தில் கொள்ளி வைத்து, மொட்டையடித்து, கருமாதிக் கிரியைகளைச் செய்து கடையையும் நடத்தி வரக்கடவள்.’

நானா? மொட்டையடித்துக்கொண்டா?

என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பா வக்கீல். பாலக்காட்டுக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. மாமா கடையில்தான் அவர்கள் வீட்டுக்குச் சாமான் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் அவர் முன்னால் பத்திரத்தை நீட்டினேன். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“நான் மொட்டையடிச்சுக்கணுமா, சொல்லுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கம் சும்மா இருந்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. “அடீ, இங்க வந்து கேளு!” என்று உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டு அந்த வரிகளை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“கொழந்தே, இது ஏதோ ஆம்பளப் பையனுக்கு எழுதின பத்திரம். அதைப் பார்த்து அப்படியே காப்பியடிச்சு, பையன்னு இருந்த எடத்துல பொண்ணுன்னு மாத்தியிருக்கான் எவனோ. அது கெடக்கட்டும். மெயின் விஷயம் வேற, கேட்டியோ? பொண்ணைச் சுவீகாரம் எடுத்துக்க நம்ம சட்டத்துல எடமே கெடையாது. பையனைத்தான் எடுக்கலாம். இந்தக் கடுதாசி செல்லாது. இதுல அப்பளம் மடிச்சுக் குடுக்கலாம், அவ்வளவுதான்.”

“அப்ப எங்க அம்மை? என்னைக் கல்யாணுக்குக் கூட்டிட்டுப் போறாங்களே!”

“அப்பா இல்லேன்னா அம்மாதான் உனக்கு கார்டியன். அவ உயிரோட இருக்காளோல்லியோ? அப்ப அவளைக் கேக்காம யாரும் உன்னைக் கல்யாணுக்கும் கூட்டிண்டு போக முடியாது, காசிக்கும் கூட்டிண்டு போக முடியாது.”

நான் அவர் காலில் விழவில்லை, நன்றி சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனை வரைக்கும் ஓடி, அங்கே ஒரு பாட்டா செருப்புக் கடை வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். கடைக்காரன் ‘க்யா ஹுவா பேபி?’ என்று கேட்டான். எனக்கு ஹிந்தியில் அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவளுக்குப் படிக்கத் தெரியாது, கடிதம் போட்டால் வேறு யாராவதுதான் வாசிப்பார்கள். தாராவிக்குத் தனியாகப் போக என்னை விடமாட்டார்கள். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருபத்தாறு நாள் பத்திரத்தைப் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாமா பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். அத்தை கல்யாண் வீட்டுக்குப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் தலைவரே வந்திருந்தார். முறையாக முடித்து வைக்கிறார்களாம்! மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை கையில் தாம்பாளம்; அதில் வெற்றிலை பாக்கு, பழம், அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. பெற்றவளுக்குச் சேலை வைத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கும் அவளுக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். அம்மா எப்போதும்போல ஜன்னல் பக்கம் நின்றாள். அன்றைக்கு என்றைக்கும் இல்லாதபடி தலைவாரிப் பூ வைத்திருந்தாள். கடைசியாகப் பார்க்கும்போது பிள்ளை நன்றாகப் பார்க்கட்டும் என்று வைத்ததாகப் பின்னால் சொன்னாள்.

காரியதரிசி டைம்பீஸைத் திருகி வைத்தார். நான் பத்திரத்தை எடுத்தேன்.

“அம்மா, நீ கைநாட்டு வச்ச பத்திரத்துல என்ன இருக்குன்னு வாசிக்கேன், கேளு” என்று ஆரம்பித்துவிட்டேன். காரியதரிசி எழுந்து பிடுங்க வந்தார். நான் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கும் குரலில், எனக்குப் பெண் பார்க்கும் வரியை முதலில் வாசித்தேன். படிக்கட்டில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவராகத் தலையை நீட்டினார்கள். மொட்டையடிக்கிற வரி வந்ததும் ஒருத்தன் ‘ஐயோ, அம்மே!’ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரித்தது.

“வாயை மூடுட்டி!” என்றார் காரியதரிசி. அவர் காதுகள் சிவந்துவிட்டன.

“மூட மாட்டேன். பொண்ணுக்குச் சுவீகாரமே கிடையாதாம். சட்டத்துல இடமில்லையாம். இந்தப் பத்திரம் செல்லாது. அப்பா இல்லாட்டி அம்மைதான் கார்டியனாம். வக்கீல் சொன்னாரு.”

வக்கீல் என்ற வார்த்தை விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, “சங்கத்து விஷயத்தை வக்கீல் வரைக்கும் கொண்டுபோனியா?” என்றார்.

“கொண்டுபோனேன்” என்றேன்.

மாமா அதுவரை வாயே திறக்கவில்லை. எப்போதும் அப்படித்தான், வீட்டில் பேசுவது முழுக்க அத்தை. “எந்த வக்கீலு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவருக்குத் தெரிந்த மனிதர், பொய் சொல்லமாட்டார் என்று தெரியும். மெதுவாகக் காரியதரிசி பக்கம் திரும்பினார்.

“ஏம்வே, எழுதும்போது ஒரு வக்கீல்கிட்ட காட்டலியா?”

“நம்ம சங்கம் எதுக்கு அண்ணாச்சி வக்கீல்கிட்ட போகணும்? எத்தனை பத்திரம் எழுதியிருக்கோம்!”

“பொம்பளப் பிள்ளைக்கு எழுதியிருக்கோமா?”

காரியதரிசி டைம்பீஸைப் பார்த்தார்.

அப்போது அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். “அங்கயே நில்லும்மா” என்றார் காரியதரிசி. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றில் தொங்கிய வேட்டிகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு நேரே நடந்து வந்தாள். அத்தை தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பெட்டியிலிருந்து இறக்கி, மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

“கூட்டிட்டுப் போயிருவியா தாயி?” என்று கேட்டாள். அத்தை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அஞ்சு வருஷம் வளத்துட்டேனே.”

அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலையில் இருந்தது. படிக்கட்டில் இங்கிலீஷ் தெரிந்த மில் ஆள் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

“எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமா வாசிப்பா.”

“நெகட்டிவ்னு போட்டிருக்கு. கிருமி இல்லை. ஒட்டாது” என்றான் அவன். பிறகு தேதியைப் பார்த்துவிட்டு, “இது மூணு வருஷத்துக்கு முன்னால குடுத்த சீட்டுல்லா! இதை யாரும் படிக்கவே இல்லையா?” என்றான்.

ஒருவரும் படிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் நீட்டினாள், ஒவ்வொரு மாதமும் காரியதரிசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மதினி” என்றாள் அம்மா, அத்தையைப் பார்த்து. அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “நான் இவளைப் பிடுங்கிட்டுப் போக வரல. இவளுக்குப் பல்லு விழுந்து முளைச்சது உங்க வீட்டுல. மணல்வாரி போட்டப்ப கண் முழிச்சது நீங்க. நான் பொழைச்சேன்னா எம்பிள்ளை உங்ககிட்ட பத்திரமா இருக்காங்கிற தெம்புலதான் பொழைச்சேன். உங்களை நான் மறந்தா நான் மனுசியில்ல. பள்ளிக்கூடத்துக்கு உங்க வீட்டுலேர்ந்தே போகட்டும். ஆனா சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டா எம்மவ எங்கிட்ட வரணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கொண்டாந்து விடுதேன். காவலுக்கு ஆளு வேண்டாம். இந்தப் பெட்டி மேல கடிகாரம் வேண்டாம். நீங்க கல்யாணுக்குப் போனாலும் சரி, கராச்சிக்குப் போனாலும் சரி, சனிக்கிழமை எனக்கு.”

“நாளைக்கு இவளைக் கட்டுதவன்...” என்று அத்தை இழுத்தாள்.

“நெஞ்சு நோய் வந்து பொழைச்சவ மவள்னு சொல்லியே குடுங்க. அதுக்குப் பயந்து ஓடுதவன் ஓடட்டும். எம்மவளுக்கு அவன் எதுக்கு?”

படிக்கட்டில் எவனோ விசில் அடித்தான். தலைவர் அவனை முறைத்தார். பிறகு அவரும் மனுஷன்தானே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சரி. அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போடுங்க. அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதீங்க?” என்றார். மாமா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “சனிக்கிழமை நானே கொண்டுவந்து விடுதேன்” என்றார்.

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பிறகு என் மணிக்கட்டை விட்டாள்.

அவ்வளவுதான். இரண்டு எட்டு வைத்தால் அம்மா. அந்த இரண்டு எட்டை வைத்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், கூந்தலுக்குள் விரலை விட்டாள், காதைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்து, சொரசொரவென்று இருந்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் அம்மாவின் கை. நான் ஓவென்று கத்தி அழுதேன். சந்தோஷத்தில் அவ்வளவு சத்தமாக அழலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. டைம்பீஸ் நாலு மணிக்கு அடித்தது. அதை யாரும் நிறுத்தப் போகவில்லை, தானாக அடித்து ஓய்ந்தது.

அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுப் போவாள். நானும் வீம்புக்குப் பேசவில்லை. நாலாம் நாள் கட்டிய சாக்குகளை அவளே அவிழ்த்தாள். மாமா கல்யாண் கடைக்கு லோக்கல் ரயிலில் போய்விட்டு வந்தால் போதும், பிள்ளையின் படிப்பு கெட வேண்டாம் என்றாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். “ரசமும் பருப்புத் துவையலும். உங்க அம்மைகிட்ட குடு. ஒடம்பு தேறணும்லா” என்றாள். அவள் வாயில் ‘உங்க அம்மை’ என்று வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அத்தையின் மேல் அன்று வந்த பிரியம் அவள் சாகும் வரைக்கும் குறையவில்லை.

மாமா என்னை ரயில் பாலம் ஏறி இறங்கித் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவின் கோலி வாசலில் என்னை விட்டுவிட்டு, உள்ளே வராமல், “நாளைக்குச் சாயங்காலம்” என்று சொல்லித் திரும்பினார். கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் காக்கிச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அம்மா எனக்கு நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டாள். கையால் பிசைந்து வாயில் ஊட்டினாள். பதினொரு வயதுக் கழுதைக்கு ஊட்டுகிறாள் என்று பக்கத்துக் கோலிக்காரி சிரித்தாள். சிரித்துக்கொள்ளட்டும்.

நான் அம்மாவிடம் சொல்ல வேண்டிய விஷயங்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியது, கிணற்றில் பூனை விழுந்தது, எனக்கும் ஒரு பெண்ணுக்கும் நடந்த சண்டை, இப்படி நாற்பத்து மூன்று. சாப்பிட்டு முடித்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று அவள் மடியில் தலையைச் சாய்த்தேன். தலையில் அவள் விரல் ஊர்ந்தது. முதல் விஷயத்தைக்கூடச் சொல்லவில்லை, தூங்கிப்போய்விட்டேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ. பக்கத்துக் கோலிக்காரியின் குரல் எங்கேயோ கேட்டது.

“என்னக்கா இது, பிள்ளை வந்ததும் வராததுமா இப்படித் தூங்குது? பாத்து எத்தனை நாளாச்சு! எழுப்பி நாலு வார்த்தை பேசக் கூடாதா?”

“தூங்கட்டும்” என்றாள் அம்மா. “நாளைக்கும் இங்ஙனதான் இருப்பா. அடுத்த சனிக்கிழமையும் வருவா.”

நான் கண்ணைத் திறக்காமலே புரண்டு படுத்தேன்.